மூன்றாம் மாடிக் கதவில் ஒட்டியிருக்கும் காகிதம் பற்றி

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும், நம் குடியிருப்பின் 48 வீடுகளிலும் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் வீட்டு வாசல் கதவு. அதில் நான் ஒட்டியிருந்த காகிதம்: "சளி, இருமல், தொண்டைவலி இருப்பவர்கள் தயவுசெய்து உள்ளே வர வேண்டாம்." அதற்குக் கீழே ஒருவர், "கொரோனா முடிஞ்சு போச்சுன்னு சாருக்கு யாராவது சொல்லுங்கப்பா" என்று எழுதியிருந்தார். 17 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். ஆமாம், எண்ணிப் பார்த்தேன். இன்னொருவர், "உடம்பு முடியாதவங்களைப் பார்க்க வந்தா வாசலோட அனுப்புறாங்க, இதுதான் மரியாதையா?" என்று கேட்டிருந்தார்.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எனக்கும் சிரிப்புத்தான் வந்திருக்கும். ஆனால் மரியாதை பற்றிக் கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் எழுதினால் 'மேலும் படிக்க' என்பதோடு நின்றுவிடுவீர்கள். அதனால்தான் இப்படி ஒரு திறந்த மடல். கீழ்த்தள நோட்டீஸ் போர்டிலும் ஒட்டப் போகிறேன். புரட்டாசி பிறந்துவிட்டது, கொலு வருகிறது, அதற்குப் பின்னாலேயே மழை வருகிறது. இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லிப் பயனில்லை.

அந்தக் காகிதம் என் அம்மாவுக்காக. அவரை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 71 வயது. ஊர் செய்யாறு பக்கம். கல்யாணமாகி வந்த 17 வயதிலிருந்து, என்னோடு சென்னைக்கு வந்து சேரும் வரை முப்பது வருடத்துக்கு மேல் விறகடுப்புச் சமையல்தான். வேலிகாத்தான் முள், வறட்டி, மல்லாட்டை உரித்த தோல், எது கிடைக்கிறதோ அது. மழை மாதங்களில் விறகு ஈரமாக இருக்கும். எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். சமையல்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதி, மூச்சை இழுக்கும்போது அடுப்புப் புகையையும் சேர்த்து இழுத்து, மறுபடி ஊதி, பத்துப் பேருக்குச் சோறு வடித்தவர்.

நுரையீரல் மருத்துவரிடம் முதல்முறை போனபோது, "பீடி, சிகரெட் பழக்கம் வீட்டில் யாருக்காவது உண்டா?" என்று கேட்டார். அம்மா சொன்ன பதில்: "பீடி குடிச்சது இவங்கப்பா. அடுப்பு ஊதினது நான்." மருத்துவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். நம் நாட்டில் வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்களுக்கு இந்த நோய் வருவதற்கு விறகடுப்புப் புகை பெரிய காரணம் என்று அப்புறம் எனக்கு விளக்கினார். அடுத்து ஸ்பைரோமெட்ரி. ஒரு குழாயை வாயில் கவ்விக்கொண்டு முழு பலத்தோடு ஊத வேண்டும். "அங்க ஊதினது பத்தாதுன்னு இங்கயும் ஊதச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊதினார். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்பதை அந்தக் கருவி அளக்கும். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டியதில் 43 சதவீதம்தான் அம்மாவால் தள்ள முடிந்தது.

நோயின் பெயர் சி.ஓ.பி.டி. தமிழில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் எந்தச் சோதனையும் இல்லாமலே இதற்கு 'இரைப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன்.

போன நவராத்திரியின் ஐந்தாம் நாள். எங்கள் வீட்டில் மூன்று படிக் கொலு வைத்திருந்தோம். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு பையன் தன் அம்மாவோடு வந்தான். நாலு, நாலரை வயது இருக்கும். செட்டியார் பொம்மையின் தொப்பையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "காய்ச்சல் எல்லாம் இல்லம்மா, வெறும் ஜலுப்புதான்" என்றார் அவன் அம்மா. எங்கள் அம்மா அவனை மடியில் இழுத்து உட்கார வைத்து முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டார். அதே கையால் கொண்டைக்கடலைச் சுண்டலைத் தொன்னையில் போட்டுக் கொடுத்தார். கையில் ஒட்டியிருந்த இரண்டு கடலையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நான் இரண்டடி தள்ளி நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ஏழாம் நாள் அம்மாவுக்குத் தும்மல். எட்டாம் நாள் மூக்கடைப்பு, குரல் கம்மல். சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற அளவுக்குத் தெம்பாகவே இருந்தார். பார்க்க வந்தவர்களிடம் "ஒண்ணுமில்ல, ஜலுப்பு" என்று அவரே சொன்னார். அந்தப் பையனுக்கோ அதற்குள் சரியாகிவிட்டது. காரிடாரில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

விஜயதசமி இரவு ஒரு மணி இருக்கும். ஏதோ சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் முட்டிக்கு மேல் ஊன்றியிருந்தார். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. கழுத்து எலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. "தண்ணி" என்றார். இரண்டு மூச்சு வாங்கினார். "குடு" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் இருந்த இடைவெளி இன்னும் என் காதில் இருக்கிறது. நெபுலைசர் வைத்தோம். இருபது நிமிடம் கழித்து இன்னொரு முறை வைத்தோம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் கருவியில் எண் 81-ஐத் தாண்டவில்லை. 108-க்குப் போன் செய்தோம்.

அன்றைக்கு லிஃப்ட் ஓடவில்லை. (இதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன், செயலாளர் சார்.) அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு மூன்று மாடி இறக்கினோம். தூக்கிய நாலு பேரில் இரண்டு பேர், போன வாரம் சிரிப்புப் பொம்மை போட்ட அந்த 17 பேரில் இருக்கிறார்கள். அதை நான் மறக்கவில்லை. கோபம் இல்லை என்று மேலே எழுதியது சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். அதில் இரண்டு இரவு, முகத்தை இறுக்கிப் பிடித்துக் காற்றைத் தள்ளும் பைபாப் மாஸ்க்கோடு. அதைக் கழற்றிவிடச் சொல்லி அம்மா கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாலு வயதுப் பையனை மூன்று நாள்கூடப் படுக்கவைக்காத ஜலதோஷம் இவரை ஏன் இப்படிப் போட்டது? எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன்.

நமக்குச் சளி பிடித்தால் மூச்சுக்குழாயின் உள்சுவர் கொஞ்சம் வீங்கும், கொஞ்சம் கோழை சேரும். நம் குழாய் அகலமானது, தாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நுண்ணிய முடிகள் கோழையை மேலே தள்ளிவிடும், காறித் துப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அம்மாவுக்கு அந்தக் குழாய்கள் ஏற்கெனவே சுருங்கியவை. கோழையைத் தள்ளும் முடிகளை அடுப்புப் புகை எப்போதோ கருக்கிவிட்டது. அந்த நிலையில் இன்னும் ஒரு நூலிழை வீங்கினால் என்ன ஆகும்? இங்கே பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று இருக்கிறது. குழாயின் குறுக்களவு பாதியானால், அதன் வழியே போகும் காற்றுக்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, 16 மடங்கு ஆகிறது. நமக்கு வெறும் மூக்கடைப்பாக முடிவது அவருக்கு அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது.

அதோடு, இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். முழுதாக வெளியே போகாத காற்று நெஞ்சிலேயே தங்கும். அடுத்த மூச்சுக்கு இடம் இருக்காது. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. அம்மா இதை அவர் பாணியில் சொல்வார்: "மூச்சு இல்லாம இல்லடா, மூச்சு ரொம்பி நிக்குது."

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. லண்டனில் ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. சி.ஓ.பி.டி. உள்ள 13 பேர், மூச்சுக்குழாய் அடைப்பு இல்லாத 13 பேர், எல்லோரும் தாங்களாகவே முன்வந்தவர்கள். அத்தனை பேருக்கும் சாதாரண ஜலதோஷத்தைத் தரும் ரைனோவைரஸை மூக்கு வழியாகக் கொடுத்தார்கள். கிருமி ஒன்றுதான். ஆனால் சி.ஓ.பி.டி. இருந்தவர்களுக்கு நெஞ்சுத் தொந்தரவு அதிகம், மூச்சுத் தடை அதிகம், உடம்பில் பெருகிய வைரஸின் அளவும் அதிகம். மூக்குத் தொந்தரவு முதலில் வந்தது. நெஞ்சுத் தொந்தரவு அதற்குப் பின்னால் நிதானமாக வந்து உச்சத்தைத் தொட்டது. சரஸ்வதி பூஜையன்று சந்தனம் வைத்தவர் மறுநாள் இரவு நாற்காலியில் இறங்கியது எப்படி என்று எனக்கு அதைப் படித்தபோதுதான் விளங்கியது. வைரஸ் வழிவிட்டுப் போன இடத்தில் பாக்டீரியா வந்து உட்கார்ந்துகொள்வதும் இவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. மஞ்சளும் பச்சையுமாகக் கோழை வர ஆரம்பிப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

எப்போது சரியாகும் என்று எல்லோரும் கேட்டீர்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுவாரம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள், "நல்லாத்தான இருக்காங்க!" என்றீர்கள். கிழக்கு லண்டனில் 101 நோயாளிகளை இரண்டரை வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2000-இல் வெளியானது. இப்படி ஒருமுறை மோசமான பிறகு, ஊதும் சக்தி பழைய நிலைக்குத் திரும்பியதா என்று அதில் பார்த்தார்கள். 35 நாள் கழித்தும் நாலில் ஒரு தடவை திரும்பவில்லை. 91 நாள் ஆகியும் திரும்பாதவை 7 சதவீதம். ஜலதோஷத்தோடு ஆரம்பித்த தடவைகள் தேற இன்னும் கூடுதல் நாள் எடுத்தன.

எங்கள் வீட்டுக் காலண்டரில் அது இப்படி இருந்தது. தீபாவளிக்கு அம்மா எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை. வெடிப் புகைக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கார்த்திகைக்கு வாசலில் அகல் வைக்கக் குனிந்தவர் பாதியிலேயே நிமிர்ந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டார். பால்கனித் துளசிக்குத் தானே சொம்பு எடுத்துப் போய்த் தண்ணீர் விட்டது தை பிறந்த பிறகுதான். முன்பு ஒரே நடையாகப் போவார். இப்போது நடுவில் சோபாவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போகிறார். அந்த நிறுத்தம் இன்னும் போகவில்லை. இனிமேல் போகுமென்று மருத்துவரும் சொல்லவில்லை.

காரணம் என்னவாக இருக்கும் என்று நீங்கள் ஆளுக்கொன்று சொன்னீர்கள். "ஃபிரிட்ஜ் தண்ணி குடிச்சிருப்பாங்க", "ராத்திரி தயிர் சாதம் போட்டீங்களா?", "தலைக்கு ஊத்திக்கிட்டாங்களோ?" வாழைப்பழத்தைக்கூட விடவில்லை. தயிர் பாவம், அதை விட்டுவிடுங்கள். ஜலதோஷம் வருவது வைரஸால். ரைனோவைரஸில் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அதனால்தான் ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தாலும் அடுத்தது வந்து தொற்றுகிறது. அதனால்தான் இதற்குத் தடுப்பூசியும் இல்லை. அது தும்மலிலும் பேச்சிலும் காற்றில் வருகிறது, மூக்கைத் துடைத்த கையிலும் வருகிறது. அந்தக் கை தொட்ட லிஃப்ட் பட்டனில் சில மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது. மழையில் நனைந்த தலை அதை உண்டாக்குவதில்லை. மழைக்கு ஒதுங்கி ஒரே அறைக்குள் பத்துப் பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் பரவும்.

"அப்போ உங்கம்மாவுக்கு மாஸ்க் போட்டு விடுங்களேன்" என்றும் ஒருவர் சொன்னார். வெளியே போகும்போது போடத்தான் செய்கிறோம். ஆனால் ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிறவர் நாள் முழுக்க வீட்டுக்குள் மாஸ்க்கோடு உட்கார முடியாது. மூக்கு ஒழுகுகிறவர் பத்து நிமிடம் போட்டுக்கொள்வது அதைவிட எளிது. அதற்குப் பலனும் அதிகம். கிருமி புறப்படுகிற இடத்திலேயே தடுத்துவிடுகிறோமே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நல்ல மனசோடு செய்வதுதான் என்றாலும். அம்மாவின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "91-தானா? 98 இருக்கணுமே! ஆக்சிஜனைக் கூட்டி வைங்க" என்று பதறாதீர்கள். இந்த நோய் முற்றியவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 88-லிருந்து 92-க்குள் வைத்திருப்பதுதான் முறை. அளவுக்கு மீறி ஏற்றினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய்விடும். வீட்டில் மீதமிருக்கிற ஆன்டிபயாடிக்கைக் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கும் இதேதான்: வைரஸை அது ஒன்றும் செய்யாது. நொச்சி இலையும் தைலமும் போட்டு ஆவி பிடிக்கச் சொல்லும் அக்காவுக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தைலத்தின் நெடி பட்டாலே அம்மாவுக்கு இழுக்க ஆரம்பித்துவிடுகிறது அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஏதோ யோக்கியன் மாதிரி பேசிக்கொண்டிருக்கிறேன். நவராத்திரிக்கு ஆறு மாதம் முன்னால் அம்மாவுக்கு ஒருமுறை மூச்சு முட்டி, மாத்திரையோடு தப்பித்தோம். அந்த ஜலதோஷத்தைக் கொண்டுவந்தவன் நான். பெரம்பூர் கேரேஜ் ஸ்டேஷனிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய், தும்மிக்கொண்டிருந்த யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தேன். தொண்டை கரகரத்தது தெரிந்தும் ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். 'மகனுக்கு என்ன தீட்டு' என்கிற நினைப்பு. சளி பிடித்த முதல் இரண்டு மூன்று நாள்தான் அடுத்தவருக்கு அதிகமாகத் தொற்றும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் தொண்டையில் லேசாக முள் குத்தினாலே என் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுகிறேன். முதல் நாள் அம்மா, "என்னடா, என்மேல கோபமா?" என்று கேட்டார்.

எனக்கு இதில் உறுத்துவது இதுதான். நம் ஊரில் பாசத்தைக் காட்டுவதென்றால் நேரில் போய் நிற்க வேண்டும். உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் அது குற்றம். நாலு வருடம் கழித்துக்கூட ஒரு கல்யாண வீட்டில் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் தனக்கே உடம்பு சரியில்லாவிட்டாலும், கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறோம். அந்தக் கட்டிலில் இருப்பவருக்கு அதைவிட ஆபத்தான விருந்தாளி வேறு யாரும் இல்லை. "ஜலதோஷம், அதனால வரல" என்று போனில் சொல்பவரை நாங்கள் தப்பாக நினைக்க மாட்டோம். எங்கள் வீட்டில் இப்போதைக்கு அதுதான் மரியாதை.

இது என் அம்மா ஒருத்திக்கான சலுகையாக நினைக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் ஐந்தரைக் கோடிப் பேர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் மட்டும் உலகம் முழுக்க 35 லட்சம் பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். சாவுக்கான காரணங்களில் நான்காம் இடம். அப்படியிருக்க, நம் 48 வீட்டில் அம்மா மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. காலையில் படியேறி வந்ததும் பேப்பரைப் போடாமல் சுவரில் சாய்ந்து நிற்கும் பேப்பர்காரரைப் பாருங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் கரிப்பெட்டியை ஊதி ஊதித் தேய்க்கும் இஸ்திரிக்கார அண்ணனின் இருமலைக் கேளுங்கள். "அது புகை இருமல் சார், பழகிப்போச்சு" என்கிறார். ஒருமுறையாவது ஊதிப் பார்க்க வேண்டிய இருமல் அது. தாம்பரம் சானட்டோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வரக் காரணமான அந்த அரசு நெஞ்சக மருத்துவமனை 1928-இல் ஆரம்பித்தது, இன்றும் இருக்கிறது. சேத்துப்பட்டிலும் அரசு நெஞ்சக மருத்துவ நிலையம் இருக்கிறது. கூட்டிப் போக ஆள் இல்லாவிட்டால் ஒரு சனிக்கிழமை நான் கூட்டிப் போகிறேன்.

இனி சங்கத்திடம் நான் கேட்பது.

முதலில் லிஃப்ட். போன வருடம் மட்டும் அது எத்தனை நாள் நின்றது என்று பராமரிப்பு நோட்டில் இருக்கும். மூச்சு இல்லாதவருக்கு மூன்று மாடி என்பது மலை. அதை இதற்கு மேல் நீட்டவில்லை.

அப்புறம் பொதுக் கொலு. போன முறை கீழ் ஹாலில் ஏசி போட்டு, கதவைச் சாத்தி, அறுபது எழுபது பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்தோம். அழகாகத்தான் இருந்தது. இந்த முறை கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, ஃபேன் போட்டுக்கொள்ளலாமா? ஆண்டுக் கூட்டத்தை ஹாலில் வைக்காமல் மொட்டை மாடியில் வைக்கலாமா? ஹால் வாசலில் ஒரு குழாயும் ஒரு சோப்பும் இருந்தால் போதும். சானிடைசர் ஸ்டாண்டு எல்லாம் வாங்கிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

ஒவ்வொரு வருடமும் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம், நல்ல விஷயம். இந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடுப்பூசி முகாமும் போடலாம். ஜலதோஷத்துக்குத் தடுப்பூசி இல்லை என்று மேலே சொன்னேன். ஆனால் ஃபுளூவுக்கு இருக்கிறது, வருடம் ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். நிமோனியாவைத் தரும் நிமோகாக்கஸுக்கும் இருக்கிறது. வயதானவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இரண்டுமே பரிந்துரைக்கப்படுபவை. அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஃபுளூ ஊசியாவது போட்டுக்கொள்ளலாம். கொசு மருந்துப் புகை அடிக்க வரும் நாளை முந்தின நாளே குழுவில் போட்டால், நாங்கள் அம்மாவை உள் அறைக்கு மாற்றிக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. சொன்னால் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காக்கள் ஒரு நாளில் நாலு வீடு, ஐந்து வீடு ஏறி இறங்குகிறார்கள். சளி பிடித்தாலும் வருகிறார்கள். ஏன் வருகிறார்கள்? லீவு எடுத்தால் நாம் சம்பளத்தைப் பிடிக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா ஒருமுறை குரலே எழும்பாமல் வந்து நின்றார். "ஏன்கா வந்தீங்க?" என்றேன். "நீங்க புடிக்க மாட்டீங்க தம்பி. மத்த மூணு வீட்டுல புடிச்சிடுவாங்க, எப்படியும் வந்துட்டேன், அப்படியே இங்கயும் ஒரு கை பாத்துட்டுப் போலாம்னு" என்றார். அவருக்கு வீட்டில் படுக்க ஆசை இருக்காதா? சளி, காய்ச்சலுக்கு எடுக்கும் லீவுக்கு மாதம் இரண்டு நாள் வரை யாரும் சம்பளம் பிடிப்பதில்லை என்று 48 வீடும் சேர்ந்து ஒரு தீர்மானம் போடலாம். நான் கேட்பதிலேயே அம்மாவின் மூச்சுக்கு அதிகம் உதவப்போவது இதுதான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடங்கள் ஒருநாள்கூட லீவு எடுக்காத பிள்ளைக்குக் கப் கொடுப்பதை நிறுத்தினால் இன்னும் உதவும். அது சங்கத்தின் கையில் இல்லை.

அந்தப் பையனின் அம்மாவுக்கு: நடந்ததைக் கேட்டதிலிருந்து நீங்கள் எங்களைப் பார்த்தால் படியில் வேகமாக இறங்கிவிடுகிறீர்கள். வேண்டாம். அம்மா தினமும் அவனைக் கேட்கிறார். சாயந்திரம் ஐந்து மணிக்குப் பால்கனியில்தான் உட்கார்ந்திருப்பார். கீரைக்காரரிடம் கீரை வாங்கக் கயிற்றில் கூடை இறக்குவாரே, அப்போது அவன் கீழே நின்று கத்தினால் மேலே கேட்கும். மூக்கு சரியாக இருக்கிற நாளில் நேராக மேலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள். செட்டியார் பொம்மையை இந்த வருடம் கீழ்ப் படியில்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

காகிதத்தைப் பற்றி. நேற்று ராத்திரி அம்மா, "கதவுல என்னடா எழுதி ஒட்டியிருக்க?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "வராதீங்கன்னு மட்டும் எழுதி வெச்சா யார்டா வருவாங்க?" என்றார். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல, கீழே இன்னொரு வரி சேர்த்து எழுதியிருக்கிறேன்: "சளி விட்டதும் கண்டிப்பா வாங்க. காபி தர்றேன்."

புது போட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் இரண்டு வரியும் தெரிகிற மாதிரி எடுக்கவும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, படிக்கட்டுக்கு எதிர் வீடு
பெரம்பூர், சென்னை